மாப்பிள்ளை வெளி ஆளா?

அக்கா இருக்கும் இடத்தை ஆட்கள் யாரும் சொல்லவில்லை, ஏதோ ஒன்று காட்டிக்கொடுக்கிறது என்று எனக்கு முதன்முதலில் தோன்றியபோது என் கையில் மீகோரிங் நூடுல்ஸ் தட்டு இருந்தது. செபராங் ஜெயாவில் அக்கா புதிதாக அறை எடுத்திருந்த வீட்டுக்குப் பின்னால் உள்ள சாப்பாட்டுக் கடை அது. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப்போய், அக்கம்பக்கத்து ஆட்களைத் தவிர வேறு யாரும் தேடி வராத கடை. தட்டை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். சாலையைக் கடந்து மாமா வந்துகொண்டிருந்தார்.

மாமா என்றால் அக்காவின் கணவர். அக்கா அவரை விட்டுவிட்டு, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

விலாசம் கேட்டு வருகிறவர்கள் எப்படி வருவார்கள் என்று பார்த்திருப்பீர்கள். பலகையை அண்ணாந்து பார்ப்பார்கள், கடைக்காரரைப் பார்ப்பார்கள், சந்தேகத்தோடு ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். மாமா அப்படி வரவில்லை. மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிறவர்கள் போல, போனைப் பார்த்துக்கொண்டே நடந்தார், போனைப் பார்த்துக்கொண்டே நின்றார், அப்புறம்தான் தலையைத் தூக்கினார். எங்களைக் கண்டு வியப்புக்கூட இல்லை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஒரு தே ஓ ஐஸ், பாலில்லாத குளிர்ந்த தேநீர், சொன்னார்.

"திரும்பாத. சாப்பிடு," என்றாள் அக்கா.

"எப்படிக்கா கண்டுபிடிச்சாரு?"

"உங்க அம்மாவப் போயிக் கேளு."

கோபம் வந்தால் அம்மா அவளுக்கு 'உங்க அம்மா' ஆகிவிடுவாள். அவள் அப்படி நினைத்ததில் நியாயமும் இருந்தது. சனிக்கிழமைகளில் பாப்பாவைப் பட்டர்வொர்த்தின் பாகான் டாலாமில் இருக்கும் அவள் அப்பாவிடம் கொண்டுபோய் விடுவதும் மறுநாள் கூட்டி வருவதும் அம்மாதான். மாமாவோடு பேசுகிற ஒரே ஆள் அம்மா. இதற்கு முன் அவர் இப்படி வந்து நின்றது குழந்தைகள் கிளினிக்கில் ஒருமுறை, பேரங்காடியில் ஒருமுறை. இப்போது இந்தக் கடை.

மாமா கிட்ட வரவே மாட்டார். அதுதான் அவருடைய முறை. தெரிந்தவர்களைப் பார்த்தால் சிரிப்பதுபோல் சிரிப்பார், தண்ணீரை உறிஞ்சுவார், போய்விடுவார். அவர் அக்காவை அடித்ததில்லை. இந்த வாக்கியத்தை எங்கள் சொந்தத்தில் எல்லோரும் முதலில் சொல்வார்கள், சொன்னதும் மிச்சத்தைக் கேட்காமல் எழுந்துவிடுவார்கள். மிச்சம் இதுதான்: அக்கா எங்கே இருக்கிறாள், யாரோடு இருக்கிறாள், வேலை முடிந்து வீட்டுக்கு வர ஏன் தாமதம் என்று ஒவ்வொரு நாளும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அதிலிருந்துதான் அவள் ஓடி வந்தாள். இப்போதும் அவருக்குத் தெரிகிறது என்றால் ஓடி வந்ததற்கு அர்த்தமே இல்லை.

அவர் போனதும் அக்கா சொன்னாள்: "இன்னொரு தடவ அந்த ஆளு என் முன்னாடி வந்து நின்னாருன்னா, நான் தெக்குக் கோடியில ஜொகூர் பிராஞ்சுக்கு மாத்தல் கேட்டுப் போயிருவேன் லா. பாப்பாவோட. எந்த வீடுன்னு அம்மாவுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது."

அவள் மிரட்டுகிற ஆள் இல்லை. சொன்னால் செய்வாள்.

அன்று சாயங்காலமே நான் அம்மாவைப் பிடித்தேன். கடலுக்கு அந்தப் பக்கம் தீவில், ஜார்ஜ்டவுனில் எங்கள் அடுக்குமாடி வீட்டில், மாதா படத்துக்கு விளக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அக்கா இருக்கிற எடத்த மாமாகிட்ட சொன்னியா?"

"மாதா மேல சத்தியமா சொல்லல."

"கேட்டாரா?"

"கேப்பாரு. பாப்பா எந்த ஸ்கூலு, எந்த வூடுன்னு. நான் என்ன மடச்சியா? எனக்கு எடம் பேரே வாயில நுழையலன்னு சொல்லிட்டேன்."

அம்மா பொய் சொல்லும்போது புடவைத் தலைப்பைச் சரி செய்வாள். அன்று கை அசையவில்லை. நான் அவளை நம்பினேன், அதாவது பாதி நம்பினேன். மிச்சப் பாதிச் சந்தேகத்தை அக்காவின் அறைத்தோழியிடம் கொண்டுபோனேன். புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் அக்காவோடு ஒரே லைனில் வேலை செய்கிறவர் அவர். பாகான் டாலாமில் அவருக்குச் சொந்தக்காரர்கள் உண்டு என்று எனக்குத் தெரிய வந்திருந்தது. அவருடைய அண்ணன் மாமாவோடு பந்து விளையாடியவராம். இது போதாதா?

"அக்கா, உங்க அண்ணன் இப்பவும் பந்து விளையாடுறாரா?" என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். ரொம்ப சாமர்த்தியமாகக் கேட்டதாக எனக்கு நினைப்பு.

அவர் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீ போலீசா? போலீஸ் ஸ்டேஷன் வச்சிருக்கியா? நேராக் கேளு. நான் சொல்லிக் குடுத்தேனான்னு கேளு."

"இல்லக்கா, சும்மா..."

"சும்மா கேக்க வந்தவ சனிக்கிழம காலையில பெர்ரி ஏறி வருவியா? போ தங்கச்சி. போயி உங்க அம்மாவக் கேளு. அவங்கதான் ஊருக்கெல்லாம் நம்பர் சொல்றவங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அப்போது கேலி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அம்மா ஊருக்கெல்லாம் நம்பர் சொல்கிறவள்தான். அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் சொந்தத்தில் பாதிப்பேர் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். உள்ளே போகுமுன் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். ஏதாவது ஒரு கணக்குக்குள் நுழைய ஆறு இலக்க நம்பர் வரும், அது சில நிமிடம்தான் உயிரோடு இருக்கும், போனோ பெட்டிக்குள் கிடக்கும். அதனால் யாரோ ஒருவர் எப்போதோ அம்மாவின் போன் நம்பரைக் கொடுத்துப் பதிவு செய்தார்கள். போன் எப்போதும் கையில் இருக்கும் ஆள் அவள் ஒருத்திதான். சித்தப்பா அதையே செய்தார், அத்தை மகன் செய்தான், அக்காவும் செய்தாள். மின்சாரக் கட்டணச் செயலி, பள்ளிக்கூடச் செயலி, மருத்துவமனை முன்பதிவு, மின்னஞ்சல், எல்லாவற்றுக்கும் அம்மா. சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனில் சமைக்கிறவர் யாருடைய போனையாவது வாங்கி, "அக்கா, நம்பர் வந்துச்சா?" என்று கேட்டால் போதும்.

ஒருநாள் பாசாரில் அம்மாவோடு நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் முருங்கைக்காய், மறு கையில் போன். சுங்கைப் பட்டாணியிலிருந்து சித்தப்பா. சுற்றிலும் இரைச்சல், அவருக்குக் காது கேட்கவில்லை. அம்மா கத்தினாள்: "எட்டு! சைபர்! மூணு! மூணு லா, மூணு! அப்புறம் ஏழு, ரெண்டு, ரெண்டு!"

காய்கறிக்கார அண்ணன் நிறுவையை நிறுத்திவிட்டு, "அக்கா, நல்ல நம்பரா இருக்கே. லாட்டரிக்கு முன்னால நாலு எழுதவா, பின்னால நாலு எழுதவா?" என்றார். பக்கத்துக் கடைக்காரர், "ரெண்டையும் எழுது, அடிச்சா அக்காவுக்குப் பாதி," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவுக்குப் பெருமை. நானும் சிரித்தேன், ஆனால் எனக்கு முதுகு கூசியது. என் வேலையே இதுதான். பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் இயங்கும் சின்ன நிறுவனத்தில், கிளினிக்குகளுக்கான மென்பொருளில் நுழைவுப் பக்கங்கள் எழுதுகிறேன். வருகிற ஆள் அந்த ஆள்தானா என்று உறுதிப்படுத்துவது எங்கள் தொழில். வீட்டுக்கு வந்தால் அம்மா அதைச் சந்தையில் ஏலம் விடுகிறாள்.

சரி, அக்கா விஷயத்துக்கு வருகிறேன். அறைத்தோழியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும், கடையில் தோன்றிய அந்த எண்ணத்துக்கே திரும்பினேன். போனைப் பார்த்து நடந்து வந்த மனிதர். ஒரு கணக்கை ஒருவர் பல கருவிகளில் திறந்து வைத்துக்கொள்ளலாம். போன் தொலைந்தால் அது எங்கே கிடக்கிறது என்று வரைபடத்தில் காட்டும் வசதியும் அந்தக் கணக்கோடு சேர்ந்தது. அக்காவின் கணக்கு எங்காவது திறந்து கிடந்தால், அக்கா ஒரு புள்ளியாக அந்த வரைபடத்தில் நகர்ந்துகொண்டிருப்பாள்.

அடுத்த விடுமுறையில் அவள் பாப்பாவோடு தீவுக்கு வந்தபோது, பட்டர்வொர்த் துறையிலேயே போய்க் காத்திருந்து, பெர்ரியிலேயே அவள் போனை வாங்கி வேலையை ஆரம்பித்தேன். பாப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலில் மிதந்த பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லாக் கருவியிலேருந்தும் வெளியேறு" என்ற பொத்தானை அழுத்தினேன். அவ்வளவுதான். எங்கே திறந்து கிடந்தாலும் மூடிவிடும்.

"பாஸ்வேர்ட மாத்தணும்க்கா."

"ஐயோ, மாத்தாத. அது ஒண்ணுதான் மனசுல நிக்குது. மாத்தினா நானே உள்ள போக முடியாது."

"மாமாவுக்குத் தெரியுமா அது?"

அவள் கடலைப் பார்த்தாள். தெரியும் என்று அர்த்தம்.

வற்புறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு நல்ல யோசனை இருந்தது, நல்ல யோசனை வந்தால் எனக்குப் பொறுமை போய்விடும். இரண்டாவது பூட்டு ஒன்றைப் போட்டேன். புதுக் கருவியில் யார் நுழைந்தாலும் பாஸ்வேர்டோடு ஆறு இலக்க நம்பரும் கேட்கும். அக்காவின் போன் பெட்டிக்குள் கிடக்கும் என்பதால், அந்த நம்பர் வழக்கம்போல அம்மாவின் போனுக்குப் போகும்படி வைத்தேன். "அவருக்குப் பாஸ்வேர்டு தெரிஞ்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது. நம்பர் நம்ம அம்மாகிட்ட வரும். அம்மா நம்ம பக்கம்," என்றேன். அக்கா முதன்முறையாகச் சிரித்தாள். இறங்கும்போது எனக்கு நடையே மாறிவிட்டது.

மூன்று வாரம் ஒன்றும் இல்லை. அப்புறம் பாப்பாவுக்குப் பல் பார்க்கப் போன இடத்தில், எதிர் வரிசையில், நகல் எடுக்கும் கடை வாசலில் மாமா நின்றுகொண்டிருந்தார். அதே சிரிப்பு.

அக்கா என்னைக் கூப்பிட்டபோது அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பல் டாக்டர்கிட்ட போறது உனக்கு மட்டுந்தான் தெரியும்."

"அக்கா, என்னயா சந்தேகப்படுற?"

"அம்மாவச் சந்தேகப்பட்டேன், அவ சத்தியம் பண்ணிட்டா. என் கூட்டாளிய நீ சந்தேகப்பட்ட, அவ இப்ப எங்கூட சரியாப் பேசுறதில்ல. இனி யாரு பாக்கி, சொல்லுடி?"

நான் அவளை லைனிலேயே வைத்துக்கொண்டு, அவள் கணக்கை என் கணினியில் திறந்தேன். நம்பருக்குப் பதிலாக, அவள் போனிலேயே வந்த கேள்விக்கு 'ஆம்' என்று அழுத்தி அவளே அனுமதி கொடுத்தாள். நுழைந்திருக்கும் கருவிகளைப் பார்த்தேன். அவளுடைய போன். என் கணினி. அதற்குக் கீழே ஒரு பழைய டேப்லெட். கடைசியாகப் பயன்படுத்திய இடம்: பட்டர்வொர்த்.

"உன்கிட்ட டேப்லெட் இருக்கா?"

"எங்கிட்ட ஏது? பாப்பாவோடது ஒண்ணு பாகான் டாலாம்ல கெடக்கு. கண்ணாடி ஒடஞ்சது. அங்க போனா அதுல பொம்மப்படம் பார்ப்பா."

"அது உன் கணக்குல ஓடுது!"

"அது பாப்பா சாமான் லா. அதப் போயி யாரு..." அவள் நிறுத்திவிட்டாள். பிறகு கடை, கிளினிக், பேரங்காடி என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"புதுக் கருவி உள்ள வந்திருக்குன்னு ஒனக்கு எச்சரிக்க வந்திருக்குமே?"

"வந்துச்சு. நீதான் நோண்டிட்டு இருக்கன்னு நெனச்சித் தள்ளி விட்டேன்."

பாஸ்வேர்டு மாமாவுக்குத்தான் தெரியுமே. ஆனால் நம்பர்? நான் எல்லாவற்றையும் மூடியபின் அது மறுபடி நுழைந்திருக்கிறது என்றால், நம்பர் கொடுத்த ஆள் யார்? சமையற்கட்டுக்குப் போனேன். அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, மாமா உங்கிட்ட நம்பர் கேட்டாரா?"

"ஆமா."

"குடுத்தியா?"

"குடுத்தேன். பொம்மப்படம் வரல, பாப்பா அழுவுறா அத்தைன்னாரு. பின்னால பாப்பா அழுவுற சத்தம் எனக்கே கேட்டுச்சு. நம்பர் வந்திருக்கும் பாருங்கன்னாரு. பாத்தேன், வந்திருந்துச்சு. சொன்னேன்."

"சத்தியம் பண்ணினியே!"

"எடத்தச் சொல்லலன்னு சத்தியம் பண்ணேன். எடத்தயா சொன்னேன்? ஆறு நம்பரு. சித்தப்பனுக்குச் சொல்றதில்லையா?"

"அந்த மெசேஜ்லயே போட்டிருக்கேம்மா, யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு!"

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள். "யாருகிட்டயும்னா வெளி ஆளுங்ககிட்ட. மாப்பிள்ள எப்படிடி வெளி ஆளு?"

நான் எழுதும் பக்கங்களில் இரண்டே வகை ஆட்கள்தான் உண்டு, கணக்குக்கு உரியவர், உரியவர் அல்லாதவர். அம்மாவின் உலகத்தில் மாப்பிள்ளை என்று மூன்றாவது ஒருவர் இருக்கிறார். மகள் விட்டு வந்தாலும் அவர் வாசலில் நின்றால் தண்ணீர் கொடுக்க வேண்டும், கேட்டால் ஏன் என்று திருப்பிக் கேட்கக்கூடாது. அது நான் போட்ட எந்தப் பூட்டாலும் அடைக்க முடியாத ஓட்டை.

மாமா வேண்டுமென்றே கேட்டாரா, இல்லை பொம்மைப் படத்துக்காகத்தான் கேட்டு, பிறகு வரைபடமும் திரும்பி வந்திருப்பதைக் கண்டாரா? எனக்குத் தெரியாது. பாப்பா அழுதது நிஜம் என்று அம்மா சொல்கிறாள். நிஜ அழுகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பதும் ஒரு வித்தைதானே என்றும் எனக்குத் தோன்றுகிறது. எனக்கு இப்போதெல்லாம் எதைப் பார்த்தாலும் இப்படித்தான் தோன்றுகிறது.

டேப்லெட்டை வெளியேற்றினேன், பாஸ்வேர்டை மாற்றினேன், அம்மாவின் நம்பரை அக்காவின் கணக்கிலிருந்து எடுத்தேன். இனி அக்காவின் கைரேகையும் அவள் போனும் சேர்ந்தால்தான் கணக்கு திறக்கும், சொல்லிக் கொடுக்க நம்பரே கிடையாது. பாப்பாவுக்குத் தனியாக, வரைபடம் எதுவும் இல்லாத ஒரு கணக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டபோது அக்காவிடம் இதையெல்லாம் காட்டினேன். அம்மாவை அவள் திட்டவில்லை. "மாப்பிள்ள வெளி ஆளா, கேளு," என்று அம்மாவைப்போலவே முகத்தை வைத்துக்கொண்டு சொல்லிக் காட்டினாள். அம்மாவே சிரித்துவிட்டாள், அப்புறம் எழுந்து உள்ளே போய்க் கொஞ்சநேரம் வரவில்லை.

"போன் தொலைஞ்சா?" என்று கேட்டாள் அக்கா.

"அதுக்கு ஒரு மாற்றுச் சாவி வச்சுக்கலாம். நம்பிக்கையான ஆளுகிட்ட. எங்கிட்ட குடுத்து வை."

"வேணாம்."

"ஏன்?"

"கணக்குக்குள்ள போனப்ப நான் என்னென்ன தேடியிருந்தேன்னு பாத்த இல்ல?"

பார்த்திருந்தேன். ஜொகூரில் வாடகை வீடுகள், ஜொகூரில் பாலர் பள்ளிகள். அவள் என்னிடம் சொன்ன நாளுக்கு ரொம்ப முன்பே தேடியிருக்கிறாள். கருவிகளை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருக்க வேண்டும். மூடவில்லை.

"கோவம் இல்லடி. ஆனா இனி என்னப் பத்தி நான் சொன்னாத்தான் ஒருத்தருக்குத் தெரியணும். நீ உட்பட."

மாற்றல் மனுவை அவள் இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இந்த மாதக் கடைசி வரை பார்ப்பாளாம்.

அதனால் இப்போது வேறு ஒன்றை முயலப்போகிறேன். மாற்றுச் சாவி என்பது ஒரு நீண்ட குறியீடு. அதை இரண்டாக வெட்டி, முதல் பாதியை அம்மாவிடமும் அடுத்த பாதியை அறைத்தோழியிடமும், யார் கேட்டாலும், நான் கேட்டாலும்கூடச் சொல்லக்கூடாது என்று சொல்லி அக்காவே கொடுக்கப்போகிறாள். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும், என் கண்ணில் எதுவும் படாது. ஒரே சிக்கல், நான் பந்து விளையாட்டைப் பற்றி விசாரித்துவிட்டு வந்த நாளிலிருந்து அறைத்தோழி எங்கள் வீட்டு ஆட்களோடு பேசுவதில்லை. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டாக வேண்டும், இந்த முறை சுற்றி வளைக்காமல்.

அது முடிந்ததும் சோதனை. அக்காவிடம் சொல்லிவிட்டேன், அம்மாவிடம் சொல்லவில்லை. வருகிற சனிக்கிழமை மதியம், அம்மா மீன் குழம்பைக் கொதிக்க வைத்துவிட்டு நிற்கும் நேரமாகப் பார்த்து, ஆபீஸ் போனிலிருந்து நானே கூப்பிடுவேன். அக்காவின் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, அவசரம், உங்கிட்ட இருக்கிற பாதியைப் படி என்று என் சொந்தக் குரலிலேயே, செல்ல மகளாகக் கேட்பேன். எவ்வளவு கெஞ்ச முடியுமோ அவ்வளவு கெஞ்சுவேன். அம்மா என்ன சொல்கிறாள் என்று அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள்.